முறுக்குப் பத்தல அம்மிணி

சென்னிமலையில் எங்கள் எதிர்வீட்டில் ஆறு தறி ஓடியது. எங்கள் வீட்டில் தறி இல்லை, அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார், ஆனால் நாங்கள் காலையில் கண் விழிப்பதே அந்தத் தறிச் சத்தத்தில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அக்காவும் அங்கே போய் ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்போம் (நெய்யும்போது குறுக்கே ஓடுகிற நூலைச் சுற்றி வைக்கும் சின்னக் குச்சிதான் தார்), நோம்பி சமயத்தில் கையில் பத்து ரூபாய் கிடைக்கும். இப்படி நூலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். ஆனாலும் பஞ்சு எப்படி நூலாகிறது என்பது என் விரலுக்குத் தெரிந்தது போன வருடம்தான், 38 வயதில்.

அம்மா வீட்டு அட்டாலியைச் சுத்தம் செய்யும்போது ஒரு பித்தளைத் தக்களி கிடைத்தது. கீழே ஒரு சின்ன வட்டத் தகடு, நடுவில் கம்பி, கம்பி நுனியில் கொக்கி, அவ்வளவுதான். "அது எங்க பள்ளிக்கூடத்துல நூக்கறதுக்கு வாங்குனது" என்று அம்மா சொன்னார். அந்தக் காலத்தில் நூற்பு ஒரு வகுப்பாகவே இருந்ததாம். நான் உடனே ஒரு பழைய தலகாணியைப் பிரித்துப் பஞ்சு எடுத்தேன், அம்மா கையைப் பிடித்துத் தடுத்தார். "அது எலவம்பஞ்சு கண்ணு, நூலுக்கு வராது."

ஏன் வராது என்று அப்புறம் தேடிப் படித்தேன், படிக்கப் படிக்க ஆச்சரியம். பருத்திக் காய் வெடித்துக் காயும்போது அந்த இழை ஈரம் வற்றிச் சப்பையாகி, நாடா மாதிரித் தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்குதான் ஓர் இழையை இன்னொரு இழையோடு பிடித்து வைக்கிறது. இலவம்பஞ்சு இழை உள்ளே கூடாக, வெளியே வழவழவென்று குழாய் போல இருக்கும், ஒன்றோடொன்று பிடிக்காமல் வழுக்கிவிடும். தலையணைக்கு மெத்தென்று இருப்பதும் நூலுக்கு உதவாமல் போவதும் ஒரே காரணத்தால்தான்.

பெருந்துறைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்யும் மச்சான் ஒரு பை நிறையச் சீவிய பஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். மில்லில் அதற்கு ஸ்லைவர் என்று பெயர், அம்மா அதைத் திரி என்கிறார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒரு கொட்டாங்குச்சி கேட்டார். தக்களியின் அடிமுனையை அதற்குள் நிறுத்தி, வலது கையால் கம்பியைச் சுண்டிவிட்டு, இடது கையில் திரியைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். தூக்கத் தூக்க நூல் வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தக் கை அதைத் தொடவே இல்லை. ஒரு முழம் வரை அறாமல் வந்ததும் என் முகத்தைப் பார்த்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நூற்பதில் கஷ்டமான இடம் இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிறது. முறுக்கு கீழேயிருந்து ஏறி வரும், அது திரிக்குள் போவதற்குள் பஞ்சை இழுத்து மெல்லிசாக்கிவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் முறுக்கு உள்ளே ஏறிப் பஞ்சு கட்டியாகி நிற்கும், அவசரப்பட்டு இழுத்தால் முறுக்கு சேராத இடத்தில் நூல் பிரிந்து தக்களி கீழே விழும். எத்தனை பேர் சொல்லிக் கேட்டாலும் இது புரியாது, ஒரு வாரம் அறுத்து அறுத்து ஒட்டியபிறகு ஒருநாள் விரல் தானாகவே பிடியைத் தளர்த்தி இறுக்க ஆரம்பித்தது.

முதலில் நூற்றது பவானி ஜமக்காளத்துக்குப் போடலாம் என்கிற அளவுக்குத் தடியாக இருந்தது. நகைத் தராசில் நிறுத்து, நீளம் அளந்து பார்த்தேன். ஒரு கிராமுக்குப் பத்து மீட்டர். நம் ஊரில் நாப்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று நூலுக்கு நம்பர் சொல்வோமே, அதன் கணக்கு இதுதான்: 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். அப்படிப் பார்த்தால் என் நூல் ஆறாம் நம்பர். நாப்பதாம் நம்பர் என்றால் 454 கிராமில் 33,600 கெஜம், அதாவது 30 கிலோமீட்டருக்கும் மேலே, கிட்டத்தட்டச் சென்னிமலையிலிருந்து ஈரோடு போய்ச் சேர்கிற தூரம். அரைக் கிலோகூட இல்லாத பஞ்சுக்குள் அவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரிந்த அன்று, கட்டியிருந்த சேலைத் தலைப்பைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நூலை எதிர்வீட்டுத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இப்போது அங்கே இரண்டு தறிதான் ஓடுகிறது. அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. ஒரு சாண் நூலை இரண்டு கையிலும் பிடித்து இழுத்தார், அப்புறம் கையை லேசாகக் கிட்டே கொண்டுவந்து தளரவிட்டுப் பார்த்தார். நல்ல முறுக்கு இருந்தால் தளர்த்தியதும் நூல் தன்மேலேயே சுருண்டு பின்னிக்கொள்ளும். என்னுடையது சும்மா தொங்கியது. "முறுக்குப் பத்தல அம்மிணி. ஊடைக்குப் போடலாம், பாவுக்கு நிக்காது" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, ஏனென்றால் அதுவரை பார்த்தவர்கள் எல்லாரும் "இத வெச்சு என்ன பண்ணுவீங்க, கடையில வாங்குனா ஆச்சுங்களே" என்றுதான் கேட்டார்கள். அவர் ஒருத்தர்தான் அதை நூல் என்று மதித்துக் குறை சொன்னார். பாவு என்பது தறியில் நீளவாட்டில் கட்டுகிற நூல், அது விறைப்பாக நிற்க வேண்டும், மிதிக்கிற ஒவ்வொரு முறையும் மேலும் கீழும் உரசும், அதனால்தான் பாவடி என்கிற திறந்த வெளியில் நீட்டிக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு எடுப்பார்கள். குறுக்கே போகிற ஊடை அப்படியில்லை, அது தாரை வைத்து ஓடவிடுகிற நாடாவிலிருந்து வந்து படுத்துக்கொள்வதோடு சரி.

அப்புறம் சாயம். ஈரோட்டில் இருந்துகொண்டு மஞ்சளில் ஆரம்பிக்காமல் வேறெதில் ஆரம்பிப்பது? நூல் என்னமாய்ப் பளீரென்று வந்தது தெரியுமா! கொடியில் வெயில் படக் காயப்போட்டேன், நாலே நாளில் வெளுத்துவிட்டது. மிச்சத்தைச் சோப்புப் போட்டு அலசினேன், சிவந்துபோனது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமமாகிறதே, அதே விஷயம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். தாலிக் கயிற்றுக்கு அம்மா விடாமல் மஞ்சள் பூசிக்கொண்டே இருந்தது வழக்கத்துக்காக மட்டும் இல்லை, பூசாவிட்டால் அந்த நிறம் நிற்காது என்பது கொடியில் வெளுத்த நூலைப் பார்த்தபிறகுதான் உறைத்தது.

நிற்கிற மஞ்சள் வேண்டுமென்றால் செண்டுமல்லி. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கடைவீதியில் வாடிப்போய்க் கிடக்கும் மாலைகளை இரண்டு பை நிறையக் கேட்டு வாங்கி வந்தேன். நூலை முதலில் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும், பருத்தியின் மேல் இருக்கும் மெழுகு போனால்தான் சாயம் உள்ளே இறங்கும், அந்தத் தண்ணீர் டீத்தண்ணி மாதிரி ஆவதைப் பார்த்தால் நமக்கே வியப்பாக இருக்கும். 100 கிராம் நூலுக்கு 20 கிராம் கடுக்காய்த்தூள் என்று ஓர் இரவு ஊறவைப்பேன், மறுநாள் 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் போடுவேன், அதற்குப் பிறகுதான் பூச்சாறு. இந்த முன்வேலையில் ஒன்றைக்கூட விடாதீர்கள், பருத்தி பட்டு மாதிரிச் சட்டென்று சாயம் பிடிக்கிற சாதி இல்லை. கடைசியில் துளி அன்னபேதி (இரும்பு உப்பு) கரைத்து அதில் பாதி நூலை முக்கினால், கண் முன்னாலேயே மஞ்சள் மாறி ஆலிவ் காய் நிறப் பச்சை வருகிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் மறுபடி மறுபடி அடுப்பு மூட்டுகிறேன்.

ஒரு தடவை மட்டும் நூலில் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. இணையத்தில் சுத்தப் பருத்தி என்று போட்டு விற்ற நூலை வாங்கி, இரண்டு நாள் மெனக்கெட்டு, கடைசியில் வெளுத்த சோகை மஞ்சள்தான் கிடைத்தது. ஒரு நுனியைக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகி உதிரும், இது உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டித்தது, பாலியஸ்டர் கலந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து புது நூல் எது வந்தாலும் முதலில் தீக்குச்சிதான்.

இலை, பூ, பட்டை என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அம்மாயி (அம்மாவின் அம்மா) ஊர் நொய்யல் ஆற்றங்கரை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் நின்ற காலத்தில் அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி இருந்தது, ஒரு சித்தப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை, அம்மாயிக்கு அந்தத் தண்ணீர். இரண்டு பேருடைய வருத்தமும் நியாயமானதுதான். என்னுடையது ஒரு குண்டா சாயம், அதை வைத்து ஆறு ஒன்றும் மாறாது, இருந்தாலும் தாமிரமும் குரோமியமும் கலந்த உப்புகளைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

பின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பூரில் நிட்டிங் கம்பெனியில் இருக்கும் நாத்தனார் மிச்சமாகும் கோன்களை அனுப்பிவிடுவார், அந்த நூலை நாலைந்து இழை சேர்த்து இரண்டு ஊசியில் பின்னப் பழகினேன். பனியனைத் தினமும் மடிக்கிறோம், அதன் துணி எதனால் இழுபடுகிறது, வேட்டி ஏன் இழுபடுவதில்லை என்று யோசித்ததுண்டா? வேட்டியில் நூல் நேராகப் போகிறது, பனியனில் கண்ணி கண்ணியாக வளைந்து போகிறது, இழுத்தால் வளைவு நிமிரும், விட்டால் திரும்பும். ஒரே பக்கக் கண்ணியாகப் பின்னினால் ஓரம் சுருளும், வெட்டிய பனியன் துணி சுருண்டுகொள்வதும் அதனால்தான். கழுத்துப்பட்டியில் ஒரு கண்ணி முன்பக்கம், ஒரு கண்ணி பின்பக்கம் என்று மாறி மாறி வருவதால் அது சுருளாமல் படிந்து நிற்கிறது. இரண்டு ஊசியும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் இது கைக்கே தெரிந்துவிடும்.

இந்தத் தை நோம்பிக்கு ஊருக்குப் போனபோது, எதிர்வீட்டுத் தாத்தா தறியில் பாவு தீருகிற நேரம். புதுப் பாவு பிணைப்பதற்கு முன்னால் கடைசி ஒரு முழத்தை எனக்காக விட்டு வைத்திருந்தார். என் நூலை நானே தாரில் சுற்றினேன், சின்ன வயதில் சுற்றிய அதே ராட்டை. குழியில் காலை இறக்கி மிதித்ததும் பாவு இரண்டாகத் திறந்தது, நாடா ஓடியது, பலகையை இழுத்து அடித்தேன். ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டது, "ஊடைய இறுக்காத, படுக்க விடு" என்றார். பத்து இழை போனபிறகு படுக்க ஆரம்பித்தது. ஒரு சாண் துணி. தடியான இடமும் மெல்லிய இடமும் மேடு பள்ளமாக விரலுக்குத் தட்டுப்படுகிறது, செண்டுமல்லி மஞ்சளில் மூன்று பட்டை, நடுவில் பச்சை.

அம்மா அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது பத்தாது, ஒரு துண்டாவது வேண்டும் என்று சொல்லிவிட்டார். என் நூல் இப்போது பன்னிரண்டாம் நம்பருக்கு வந்திருக்கிறது, ஒரு கிராமுக்கு 20 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 4 கிராம் நூற்கலாம். ஊடைக்கு மட்டும் 120 கிராம் வேண்டுமென்று தாத்தா கணக்குச் சொன்னார், 70 கிராம் சேர்ந்திருக்கிறது. அம்மா ஒரு தக்களி, நான் ஒரு தக்களி, போன வாரம்தான் இரண்டாவது கொட்டாங்குச்சி எடுத்துவைத்தோம்.