அம்மாவின் கால், இரண்டு சிரிஞ்சு

சென்னை எம்.சி. ரோடு துணிக்கடை ஒன்றில் அம்மா 22 வருடம் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டினார். கடை ஊழியர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான், அதற்கு முந்தைய வருடமே அம்மா வேலையை விட்டாச்சு. மிச்சம், இடது கெண்டைக்காலில் மண்புழு மாதிரி நெளியும் பச்சை நரம்பு. நாம்தான் நரம்பு என்கிறோம், அது சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். மேலே ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் தடுக்கும் குட்டி வால்வுகள் பழுதானால் ரத்தம் தேங்கிப் புடைத்துக்கொள்ளும்.

அந்தச் சிரையை மூட நேற்று ஃபோம் ஊசி, அதாவது நுரை ஊசி, போட்டார்கள். கத்தியே இல்லை. டாக்டர் இரண்டு சிரிஞ்சை த்ரீ-வே என்கிற ஒரு மூன்று வாய்க் குழாயில் மாட்டி, ஒன்றில் மருந்து, இன்னொன்றில் நாலு பங்கு காற்று, அங்கும் இங்கும் சரக் சரக்கென்று தள்ளினார், இருபது தடவை இருக்கும், டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரியே. தண்ணீராக இருந்தது வெள்ளை நுரையாகிவிட்டது. டெஸ்ஸாரி என்ற இத்தாலிய டாக்டர் 2000-ல் சொன்ன முறையாம். அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு! ஆனால் விஷயம் இருக்கிறது: வெறும் மருந்து என்றால் ரத்தத்தில் கரைந்து போய்விடும், நுரையோ ரத்தத்தைத் தள்ளிவிட்டுச் சிரையின் சுவரோடு ஒட்டி நிற்கும், அதனால் கொஞ்சம் மருந்தே போதும். சுவர் புண்ணாகிச் சுருங்கி மூடிக்கொள்ளும், ரத்தம் நல்ல சிரைகள் வழியாகப் போய்விடும்.

சரி, இப்போது பிரச்சினை ஊசிக்குப் பிறகு போடச் சொன்ன ஸ்டாக்கிங்ஸ். ராயபுரம் வெயிலில் அந்த இறுக்கமான காலுறையை மாட்டிவிட எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. “இதுக்கு அந்த நரம்பே தேவலாம்டா” என்கிறார் அம்மா.