எந்த நாள்?

மனச்சோர்வும் நினைவும் பற்றி ஆராய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் அநேகமாக அடுத்துக் கேட்பது: "கெட்ட நினைவுகளை அழிச்சிட முடியுமா சார்?" சினிமா செய்த வேலை. மருத்துவமனையில் நான் பார்ப்பது வேறு சிக்கல். அங்கே தேய்ந்துபோய்க் கிடப்பவை நல்ல நினைவுகள்.

எங்கள் சோதனை எளியது. ஒரு சொல்லைச் சொல்வோம். அதைக் கேட்டதும் ஞாபகம் வருகிற, ஏதோ ஒரு நாளில் நடந்த சம்பவத்தை அவர் சொல்ல வேண்டும். 1986இல் வில்லியம்ஸும் பிராட்பென்ட்டும் தற்கொலைக்கு முயன்றவர்களிடம் இதைச் செய்தபோது, பலரால் குறிப்பிட்ட ஒரு சம்பவத்துக்கு வர முடியவில்லை. நல்ல சொற்களுக்கு அது இன்னும் கடினமாக இருந்தது.

"சந்தோஷம்" என்றேன் ஓர் அக்காவிடம்.

"லீவு விட்டா பாட்டி ஊருக்குப் போவோம்."

"அதுல ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்கக்கா."

மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினார். "போவோம் சார். நல்லா இருக்கும்."

அப்புறம் "அவமானம்" என்றேன். மண்டபம், மாமியார் சொன்ன வார்த்தை, திரும்பிப் பார்த்தவர்கள் எல்லாம் கடகடவென்று வந்தன. எல்லோருக்கும் இப்படி இல்லை. கெட்டதையும் மேலோட்டமாகவே சொல்பவர்கள் நிறைய.

வீட்டார் வெளியே நிற்பார்கள். "பத்து நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும், இல்லையா சார்?" பெங்களூரு என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின; பயத்தோடு தொடர்புடைய அமிக்டலாவில் வளர்ந்தன. 21 நாள் ஓய்வு கொடுத்த பிறகும் அமிக்டலா பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எலியிலிருந்து அந்த அக்காவுக்கு நேர்க்கோடு போட மாட்டேன். ஆனால் 'ரெஸ்ட் எடு' என்பதை வைத்தியமாகச் சொல்பவர்கள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு.

2017இல் அமெரிக்காவில் கிம்பர்லி யங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அமிக்டலா பயத்துக்கு மட்டுமல்ல, நல்ல உணர்ச்சிக்கும் இயங்கும். நோயாளி மூளையின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேனருக்குள் படுத்தபடி, நல்ல நினைவொன்றை நினைத்துத் தன் இடது அமிக்டலாவின் செயல்பாட்டைக் கூட்டப் பழகுகிறார். மனச்சோர்வு குறைந்தது.

நாங்களும் அப்படியொன்றைத் தொடங்கியபோதுதான் இடித்தது: சிகிச்சைக்கு முதலில் ஒரு நல்ல நினைவு வேண்டும். அதுதானே இவர்களுக்குக் கிடைக்க மாட்டேனென்கிறது! ஸ்கேனர் நேரமோ மணிக்கணக்குக்குக் காசு. அதனால் இப்போதெல்லாம், ஸ்கேனருக்குள் உலோகம் கூடாது என்று தாலிச் சங்கிலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் சமயத்திலேயே பேச்சுக் கொடுக்கிறோம். எந்த பஸ்ஸில் போனீர்கள், அன்றைக்கு யார் சமைத்தார்கள், சாம்பாரில் என்ன காய்? காயில் சிலருக்குப் பிடி கிடைத்துவிடுகிறது. கிடைக்காதவர்களுக்கு வேறொரு நாள் ஸ்கேனர் பதிவு செய்கிறோம்.