வேட்டி மடிப்பும் நெற்றி வெளிச்சமும்

கல்யாண ஆல்பம் எடிட் செய்பவர்களுக்கு வெள்ளை வேட்டியைவிடப் பெரிய சோதனை கிடையாது. முகூர்த்த நேரத்தில் மேடையில் மாப்பிள்ளை, இரண்டு வீட்டு அப்பாக்கள், தாய்மாமன், ஐயர் என்று வேட்டி கட்டியவர்கள்தான் அதிகம். எல்லார் மேலும் வீடியோ லைட் நேராக விழும். மடிப்பு தெரியாது, இழை தெரியாது, ஜரிகைக் கரை மட்டும் அந்தரத்தில் நிற்கும். எங்கள் தொழிலில் இதை ‘பர்ன் ஆயிடுச்சு’ என்போம். ஈரோட்டில் ஒரு ஆல்பம் டிசைன் அறையில் பல வருடமாக நான் பார்க்கும் வேலையில் பெரும்பகுதி, இப்படி எரிந்துபோன இடங்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

எடிட்டிங் மென்பொருளில் வெளிச்சமான பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஹைலைட்ஸ் ஸ்லைடரை இடது பக்கம் இழுத்தால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் மடிப்பு வருமா வராதா என்பது ஷட்டர் அடித்த நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. கேமராவில் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் அரிசி அளக்கும் ஒரு படி மாதிரி. நிறையும் வரை எவ்வளவு விழுந்தது என்று அளக்கலாம். நிறைந்து வழிந்த பிறகு, வழிந்தது ஆழாக்கா மூட்டையா என்று படியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் நிறைவதில்லை. பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் பச்சைதான் முதலில் நிறையும். மற்ற இரண்டில் தகவல் மிச்சமிருந்தால், மென்பொருள் அதை வைத்துக் கணக்குப் போட்டு வேட்டியின் மடிப்பைக் கொண்டுவந்துவிடும். சென்சார் பிடித்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் மட்டும்தான் அது நடக்கும். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 அளவுகள், அதில் பாதி மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்குள்ளேயே இருக்கிறது (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் ஃபைலில் ஒரு நிறத்துக்கு மொத்தமே 256. ஜேபெக்கில் உச்ச அளவான 255-ஐத் தொட்ட இடத்தை இழுத்தால் மடிப்பு வராது, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு வரும். அது எரிந்த வெள்ளையைவிட மோசம். வெள்ளையாக இருந்தாலாவது வெளிச்சம் என்று கண் ஏற்றுக்கொள்ளும், சாம்பல் திட்டு அழுக்கு மாதிரி தெரியும்.

அதனால் ஃபைல் வந்ததும் நான் முதலில் கேட்பது, ‘ரா இருக்கா?’ கேமராத் திரையில் கருப்பும் வெள்ளையுமாக மினுக்கி எச்சரிப்பது உள்ளே இருக்கும் ஜேபெக் பிரிவியூவை வைத்துத்தான். அது போய்விட்டது என்று காட்டிய இடத்திலும் ராவில் கொஞ்சம் மிச்சமிருப்பதுண்டு. அடுத்து லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒயிட்ஸ் ஸ்லைடரை ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு நகர்த்துவேன். திரை முழுக்கக் கருப்பாகும், எரிந்த இடம் மட்டும் ஒளிரும். மூன்று நிறமும் போன இடம் வெள்ளையாகத் தெரியும். சிவப்பு மட்டும் போயிருந்தால் அந்த இடம் சிவப்பாகவே தெரியும்.

அந்தச் சிவப்புத்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. கூரைப்புடவை அரக்காகவோ சிவப்பாகவோ இருந்து, மேலே மஞ்சள் லைட் விழுந்தால் சிவப்புச் சேனல், அதாவது சிவப்பு நிறத்தின் அளவு, மட்டும் உச்சத்தில் முட்டிக்கொள்ளும். படம் பார்க்க இருட்டாகத்தான் இருக்கும், ஓவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பட்டின் புட்டாவும் மடிப்பும் மறைந்து, புடவை வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டினதுபோல் தட்டையாகிவிடும். இங்கே ஹைலைட்ஸை இறக்கி அதிகப் பயனில்லை. ஒயிட் பேலன்ஸைக் குளிர்ச்சி, அதாவது நீலப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, சிவப்பின் அடர்த்தியான சாச்சுரேஷனையும் இறக்கினால் நெசவு மெதுவாக வெளியே வரும். பிறகு முகத்தை மட்டும் தனியாகப் பிரிக்கும் மாஸ்க் போட்டு வெதுவெதுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நகையில் நேர் எதிர். நெத்திச்சுட்டியிலும் ஒட்டியாணத்திலும் ஊசிமுனை அளவுக்கு எரிந்த புள்ளிகள் இருந்தே ஆக வேண்டும். முழுப் படத்துக்கும் ஹைலைட்ஸை மைனஸ் நூறுக்குக் கொண்டுபோனால் அந்தப் புள்ளிகள் மங்கிப்போய், தங்கம் பித்தளையாகத் தெரியும். நகை எத்தனை பவுன் என்பதில் ஒரு குடும்பத்தின் எத்தனை வருட உழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதை நான் பித்தளையாக்கிக் கொடுக்கக் கூடாது. குத்துவிளக்கின் சுடரும் அப்படித்தான், அதை எரியவே விட்டுவிடுவேன்.

தாலி கட்டும் நொடியில் இன்னொரு சிக்கல் வரும். பெண் வீட்டு போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர் இருவரும் ஒரே நேரத்தில் ஃபிளாஷ் அடிப்பார்கள். நம் படத்தில் இரண்டு ஃபிளாஷும் சேர்ந்து விழும். முன்னும் பின்னும் எடுத்த படங்கள் சரியாக இருக்கும், முடிச்சு விழும் அந்த ஒரு படம் மட்டும் வெளுத்திருக்கும். அந்தப் படத்தைத்தான் வீட்டில் மாட்டப் போகிறார்கள். அப்போது பக்கத்துப் படத்தை ஃபோட்டோஷாப்பில் மேலே லேயராக வைத்து, ஆட்டோ அலைன் கொடுத்து, வேட்டியின் மடிப்பை மட்டும் மாஸ்க் வழியாகக் கடன் வாங்குவேன். உட்கார்ந்திருப்பவரின் மடியில் வேட்டி அதிகம் அசையாது, அதனால் பொருந்தும். கையைக் கடன் வாங்க முடியாது. முடிச்சுப் போடும் விரல்கள் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும். விரல் எரிந்திருந்தால் அதை எரிந்தபடியே வைத்துக்கொள்வது உத்தமம். அந்த நொடியில் விரல் எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்க வேண்டும், அதில் நான் கை வைப்பதில்லை.

நெற்றியும் கன்னமும் எரிந்திருந்தால் வேலை கூடும். வியர்வை, மேக்கப், ஹோமப் புகை, நேரே லைட். தோலில் எரிந்த இடத்துக்குப் புதிய லேயர் எடுத்து, டார்க்கன் மோடில் வைத்து, எரிந்த இடத்தின் ஓரத்திலிருந்தே தோல் நிறத்தை எடுத்து, மிகக் குறைந்த ஃப்ளோவில் பிரஷ்ஷால் தடவித் தடவி ஏற்றுவேன். டார்க்கன் மோடு, தடவும் நிறத்தைவிட வெளிச்சமான இடத்தை மட்டும்தான் தொடும், புருவமும் பொட்டும் தப்பிக்கும். கடைசியில் பொடிப்புள்ளியாக கொஞ்சம் கிரெயின் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று தெரியும். பளபளப்பை முழுக்க அழித்துவிடவும் கூடாது. நெற்றி மேட்டில் ஒரு கீற்று வெளிச்சம் இருந்தால்தான் முகத்துக்கு உருண்டை வரும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. இந்த நெற்றிகளில் நிறைய, தவறி எரிந்தவை இல்லை. வேண்டுமென்றே எரிக்கப்பட்டவை. பெண் மாநிறமாகவோ கருப்பாகவோ இருந்தால், வீட்டார் கேட்பார்கள் என்று போட்டோகிராபரே முன்கூட்டி ஒரு ஸ்டாப் ஏற்றி எடுத்துவிடுகிறார். அது போதாதென்று ஆல்பம் புரூஃப் பார்க்கும்போது எங்களிடமும் வரும்: “தம்பி, பொண்ணு முகத்த இன்னும் கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்களேன்.” நான் உடனே மறுத்துப் பேசுவதில்லை. “சரிங்கம்மா, ரெண்டு மாதிரி பண்ணி வைக்கிறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க” என்பேன். ஏற்றியது ஒன்று, ஹைலைட்டை இறக்கித் தோலின் நிறத்தை அப்படியே வைத்தது ஒன்று. இரண்டையும் பிரிண்ட் போட்டே காட்டுவேன், திரையில் காட்டினால் வித்தியாசம் பிடிபடாது. ஏற்றிய படத்தில் மூக்குத்தியும் மூக்கும் ஒன்றாகிவிட்டிருக்கும், மருதாணி பாதி காணாமல் போயிருக்கும். இறக்கிய படத்தில் கன்னத்து எலும்பு தெரியும், சிரிப்பில் விழும் கோடு தெரியும். சில அம்மாக்கள் இரண்டாவதை எடுக்கிறார்கள். எடுக்காதவர்களும் உண்டு, அப்போது எனக்கு மனசு கனக்கும்.

கருப்புத் தோல் வெளிச்சத்தை அழகாகப் பிடிக்கும் தோல். நிழலும் ஒளியும் அதில் தனித்தனியாகத் தெரியும். அந்த ஒளி எரியாமல் இருந்தால் போதும். இந்தத் தொழிலின் கருவிகள் தொடக்கத்திலிருந்தே அதற்காகச் செய்யப்படவில்லை. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். வேறு நிறத்துப் பெண்களும் அந்த கார்டில் வந்தது 1990-களில்தான். 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 ஃபோனில் ‘ரியல் டோன்’ என்று கருப்புத் தோலுக்காகத் தனியாக வேலை செய்து வெளியிட்டதைப் படித்தபோது, இத்தனை காலம் ஆகியிருக்கிறதே என்றுதான் தோன்றியது.

பிரிண்டுக்கு அனுப்பும்முன் ஒரு சின்ன வேலை உண்டு. 255 என்றால் அந்த இடத்தில் மையே விழாது, வெறும் காகிதம்தான். வெளிச்ச அளவுகளை மாற்றும் கர்வ்ஸ் கோட்டின் மேல் முனையை 245 அளவுக்கு இறக்கிவிட்டால், மீட்க முடியாத வேட்டியிலும் லேசாக ஒரு நிறம் விழும், ஆல்பப் பக்கத்தில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியாது.

படம் எடுக்கும் தம்பிகளிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். ராவில் எடுங்கள். ரிசப்ஷனில் கருப்பு கோட்டும் இருட்டு மேடையும் இருந்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் ஏமாந்துபோய் எக்ஸ்போஷரை ஏற்றிவிடும், நீங்கள் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறைத்து வையுங்கள். வீடியோ அண்ணனிடம் முகூர்த்தத்துக்கு முன்பே பேசி, லைட்டை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள். இருட்டாக வந்தால் பயப்பட வேண்டாம், ரா ஃபைலில் ஒரு ஸ்டாப் ஏற்றுவது எங்களுக்கு ஒரு வேலையே கிடையாது.