ஆணியும் எம்-புக்கும்

"அக்கா, அந்தப் பெரியவருக்கு எம்-புக்னு ஒண்ணு இருக்குன்னு யாரு சொல்லியிருப்பாங்க?"

பதினேழு பி மெமோவை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் மாநகராட்சி ஆபீஸின் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) தம்பி என்னிடம் கேட்டது இது. எம்-புக் என்றால் செய்த வேலையை அளந்து எழுதி வைக்கும் அளவுப் புத்தகம். "இப்பல்லாம் யாருக்குத் தெரியல தம்பி, யூடியூப்ல எல்லாம் இருக்கே" என்றேன். பொய் இல்லை, யூடியூபில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரியவர் பட்டன் போன் வைத்திருப்பவர்.

கொருக்குப்பேட்டையில் ஒரு முட்டுச்சந்து. பெரியவர் ஹார்பரில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். 2015 வெள்ளம் வடிந்த கையோடு, ரோட்டு மட்டத்துக்கு ரெண்டு விரல் மேலே வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்தார். 2021-ல் மழைக்கு முன்னால் அங்கே புது ரோடு போட்டார்கள். அதே வருஷம்தான் பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருந்தார். சுரண்டிய அளவுக்குப் போட்டால் மட்டம் மாறக்கூடாது. பெரியவரின் ஆணி தாரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நவம்பர் மழையில் சாக்கடைத் தண்ணீர் கட்டில் கால் வரை வந்தது.

ரோடு போட்டபோது கேட்பதற்குக் கவுன்சிலர் கிடையாது. 2016-ல் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். புதிதாக வந்தவர், நான் வருவதற்கு முன்னாடி போட்ட ரோடு என்று சொல்லிவிட்டார். அதுவும் உண்மைதான். பெரியவர் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு போட்டார். ஒரே கேள்வி: "எங்கள் தெருவை ஏன் சுரண்டாமல் போட்டீர்கள்?"

பதிலை நான்தான் டிராஃப்ட் போட்டேன். "மனுதாரர் விளக்கம் கோருகிறார், இது பிரிவு 2(எஃப்)-இல் கண்ட தகவல் என்ற வரையறைக்குள் வராது." சட்டப்படி சரியான பதில். பதிவேட்டில் இருப்பதைத் தந்தால் போதும், கருத்தோ ஆலோசனையோ தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் சொல்லியிருக்கிறது. மேல்முறையீடு போனாலும் நிற்கும் என்று கையெழுத்தும் ஆகிப் போய்விட்டது.

அந்தக் கடிதத்தோடு பெரியவர் நேரே வந்தார். "இன்னாம்மா, நான் தமிழ்லதான எழுதிக்கிறேன்?"

அப்போதுதான் சொன்னேன். ஏன் என்று கேட்காதீங்க ஐயா, பேப்பரைக் கேளுங்க. எஸ்டிமேட் நகல், பணி ஆணை, அந்த வேலைக்கான எம்-புக் பக்கங்கள், கடைசி பில். பக்கத்துக்கு 2 ரூபாய். ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தேன்.

இதில் தப்பு என்ன? மனு போடுகிறவருக்கு நியாயமான உதவி செய்ய வேண்டும் என்று பிரிவு 5(3) பொதுத் தகவல் அலுவலரைத்தான் சொல்கிறது. அவர் செய்யாததை அவருடைய உதவியாளர் செய்தேன். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் தம்பியிடம் யூடியூப் என்றேன்?

பெரியவர் அப்படியே எழுதிக் கேட்டார். வந்த எம்-புக் பக்கத்தை நானும் பார்த்தேன். மில்லிங், அதாவது பழைய தாரைச் சுரண்டியது: நீளம், அகலம், ஆழம், எல்லாம் மீட்டரில். ஆழம் தெருமுனையில் 0.040, அதாவது நாற்பது மில்லிமீட்டர். நடுவில் 0.040. முட்டுச்சுவர் கிட்டேயும் 0.040. மேடும் பள்ளமும் ஒட்டுமாக இருந்த சந்து அது. நாடா பிடித்து அளந்திருந்தால் ஓர் இடத்திலாவது முப்பத்தெட்டோ நாற்பத்தி மூன்றோ வந்திருக்கும். கீழே தம்பியின் கையெழுத்து. அதற்கும் கீழே செக் மெஷர்மென்ட் செய்ததாக, அதாவது மறுபடி அளந்து சரிபார்த்ததாக, அவருக்கு மேலே உள்ள ஏ.இ.இ. கையெழுத்து, பில் போன அதே தேதியில். அவருக்கும் மேலே உள்ள இ.இ.-யின் (செயற்பொறியாளர்) இனிஷியலும் இருந்தது.

பெரியவர் அந்த நகலையும் ஆணியின் போட்டோவையும் சேர்த்து மேலே அனுப்பினார். விசாரணை வந்தது. தம்பிக்குப் பதினேழு பி. மேலே இருந்தவர்களிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டது. கான்ட்ராக்டரிடம், தாரைச் சுரண்டியதாகக் காட்டி வாங்கிய தொகையை மட்டும் பிடித்தார்கள்.

தம்பி சொன்னதையும் சொல்ல வேண்டும். மில்லிங் மெஷின் அந்தச் சந்துக்குள் திரும்பாது. சின்ன பிரேக்கர் வைத்து உடைக்க எஸ்டிமேட்டில் ரேட் இல்லை. எஸ்டிமேட் போட்டவர் தெருவைப் பார்க்காமல் போட்டவர். மழைக்கு முன்னால் முடி என்று தினமும் போன். மூன்று வார்டு ஒருவர் கையில், வேலையோ ராத்திரியில். "போட்டுட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம்னாங்க அக்கா." யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனாலும் 0.040 என்று எழுதிய கை அவருடையதுதானே? வேலை நடக்கவில்லை என்று எழுதியிருந்தால் பில் நின்றிருக்கும், அவர் மாற்றலாகியிருப்பார், வேறொருவர் வந்து எழுதியிருப்பார். இப்படியே யோசித்துக்கொண்டு போனால் யாருமே தப்பு செய்யாமல் ரோடு மட்டும் உயர்ந்துகொண்டே போகும்.

ஆர்.டி.ஐ. சட்டத்தின் நாலாவது பிரிவு, பொதுப்பணம் எதில் செலவாகிறது என்பதை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. எஸ்டிமேட்டைத் தெருமுனையில் வேலைக்கு முன்னாலேயே ஒட்டியிருந்தால், மெஷின் உள்ளே வராது என்று முதல் நாளே அந்தத் தெருப் பெண்கள் சொல்லியிருப்பார்கள். மனு, துண்டுத்தாள், மெமோ எதற்கும் வேலை இருந்திருக்காது. பொறுப்பு என்பது கையெழுத்தில் ஆரம்பிக்கிறது என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எந்தக் கையெழுத்தில் முடிகிறது என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

பெரியவருக்கு மெமோ விஷயம் தெரிந்ததும் வந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அந்தப் பையனையா? தண்ணி நின்னப்போ மோட்டார் எடுத்துக்கினு வந்தவன் அவன் ஒருத்தன்தாம்மா. அந்தப் பேப்பர்ல இன்னும் ரெண்டு கையெழுத்து இருந்துச்சே, அவுங்க இன்னா ஆனாங்க? அதுக்கு எப்படி எழுதணும், சொல்லு."

விசாரணை நடக்கும்போது கேட்டால் அதற்கு இடையூறு என்று பிரிவு 8(1)(எச்)-ஐக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள், முடியட்டும் ஐயா என்றேன். இதுவும் சட்டத்தைக் காட்டிச் சொன்ன பதில்தான். "முடிஞ்சா சொல்லு" என்று போனார்.

முடிந்துவிட்டது. தம்பிக்கு ஊதிய உயர்வு நிறுத்தி ஆணை வந்து, அவர் வேறு மண்டலத்துக்கும் போய்விட்டார். பெரியவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அந்த ரெண்டு கையெழுத்தில் ஒன்றுக்குத்தான் தினமும் காலையில் நான் ஃபைல் வைக்கிறேன்.