கொள்ளுக்குத் தெரிந்த ரத்தப் பிரிவு

எந்த ரத்தப் பிரிவினர் எதை உண்ண வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணை ஒன்று எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கிறது. ஓ பிரிவினர் ஆட்டுக்கறி உண்ணலாம், ஆனால் கோதுமையையும் பாலையும் விட்டுவிட வேண்டும். ஏ பிரிவினர் கறியைத் தொடவே கூடாது. பி பிரிவினருக்குப் பால் நல்லது, கோழி, வேர்க்கடலை, தக்காளி, எள் ஆகியவை ஆகா. எள் ஆகாது என்றால் இட்லிப் பொடியில் ஊற்றிக் குழைக்கும் நல்லெண்ணெயும் போயிற்று. தமிழ்நாட்டில் ஓ பிரிவுக்கு அடுத்தபடியாக மிகுதியாக இருப்பது பி என்பதால், மதுரையில் செக்கு வைத்திருப்பவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதுதான்.

இதைச் சித்தர் காலத்து வைத்தியம் என்று நம்புகிறவர்களும் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். உண்மையில் இது 1996-இல் பீட்டர் டி'அடாமோ என்ற அமெரிக்க இயற்கை மருத்துவர் எழுதிய நூலிலிருந்து பரவியது. ஓ என்பது வேட்டையாடிய ஆதி மனிதனின் ரத்தம், ஏ என்பது உழவு தொடங்கிய பின் வந்தது, பி என்பது கால்நடை மேய்த்து அலைந்தவர்களுடையது, ஆகவே அந்தந்த முன்னோர் உண்டதையே நாமும் உண்ண வேண்டும் என்பது அவருடைய வாதம். கேட்பதற்குக் கதை அழகாகத்தான் இருக்கிறது. மரபணுவைப் பார்த்தால் நிற்கவில்லை. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வகைப்படுத்திய இந்தப் பிரிவுகளுக்குக் காரணமான மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிவப்பணுவின் மேலுள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் கடைசிச் சர்க்கரையாக எதைச் சேர்ப்பது என்பதை, அந்த மரபணு உண்டாக்கும் நொதி தீர்மானிக்கிறது. ஏ வகை நொதி ஒரு சர்க்கரையைச் சேர்க்கும். பி வகை இன்னொன்றை. ஓ பிரிவினரில் பெரும்பாலோருக்கு அந்த மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால் நொதியே வேலை செய்வதில்லை. அதாவது, ஓ என்பது ஆதி ரத்தமன்று, பழுதுபட்ட ஏ. ஏ, பி என்ற வேறுபாடோ மனிதக் குரங்குகளிடமும் காணப்படுகிறது; ஏரும் மாட்டு மந்தையும் தோன்றுவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்திருக்கிறது.

இந்தக் கணக்கைக் குடும்பத்துக்குள் போட்டுப் பார்த்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். தந்தை ஏ, தாய் பி, இருவரும் ஓ மரபணு ஒன்றையும் மறைவாகச் சுமக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். ஒரே பாட்டன் பூட்டனுக்குப் பிறந்த அந்த நால்வரில் ஒருவருடைய முன்னோர் வேடர், இன்னொருவருடைய முன்னோர் இடையர் என்று சொல்லி, நான்கு உலை வைக்க வேண்டியிருக்கும்.

முன்னோரைத் தேடுவதற்கு வேறு அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் மதுரை மாவட்டத்திலேயே பேசப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் குழுவின் ஆய்வில், உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்ற மிகப் பழைய மரபணுக் குறியீடு கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து தொடக்கக் காலத்தில் புறப்பட்டு வந்த மக்களின் தடம் அது. ஒய் குரோமோசோமில் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் அந்தக் குறியீட்டுக்கும், 9-ஆம் குரோமோசோமில் இருக்கும் ரத்தப் பிரிவுக்கும் எந்த உறவும் இல்லை. இலையில் என்ன விழ வேண்டும் என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

டி'அடாமோவின் வாதத்தில் உண்மைக்குச் சற்று அருகில் வரும் ஒரு பகுதி உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உணவிலுள்ள லெக்டின் என்னும் புரதங்கள் பொருந்தாத ரத்தப் பிரிவின் அணுக்களை ஒட்டவைத்துக் கட்டியாக்கிவிடும் என்கிறார் அவர். சோதனைக் குழாயில் இது நடக்கத்தான் செய்கிறது, அதுவும் நம் கொள்ளில். ஏ பிரிவுக்குள்ளேயே ஏ1, ஏ2 என்று உட்பிரிவுகள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய ரத்த வங்கிகள் பயன்படுத்தும் கரைசல் கொள்ளு விதையிலிருந்து எடுக்கப்படுவது. தக்க அளவில் நீர்த்த அந்தச் சாறு ஏ1 அணுக்களைத் திரளச் செய்யும், ஏ2 அணுக்களை விட்டுவிடும். நீலகிரியில் களையாகப் பரவிக் கிடக்கும் மஞ்சள் பூ முட்புதரான யூலெக்ஸின் விதைச்சாறு, ஓ அணுக்களில் மிகுந்திருக்கும் எச் என்ற பொருளைப் பிடித்துக்கொள்ளும். 1952-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட பம்பாய் ரத்தப் பிரிவில் அந்த எச்சும் இருக்காது என்பதால் அதை அடையாளம் காண இந்தச் சாறு உதவுகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண்ணெடுக்கும் குடும்பங்களில் இத்தகைய அரிய பிரிவுகள் வெளிப்பட வாய்ப்பு அதிகம்.

ஆனால் நாம் கொள்ளை ரத்தக்குழாய்க்குள் ஊற்றிக்கொள்வதில்லை. ஊறவைத்து, குழைய வேகவைத்து, ரசமாகவும் துவையலாகவும் உண்கிறோம்; கொதியில் லெக்டினின் பெரும்பகுதி செயலிழந்துவிடுகிறது. அரைவேக்காட்டு ராஜ்மாவை உண்டால் வாந்தி வருவதும் லெக்டினால்தான், ஆனால் அது ஏ, பி, ஓ என்று ஆள் பார்த்து வருவதில்லை. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியும் உடம்பைத்தான் பார்க்கச் சொல்கிறது.

டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் 2014-இல் 1455 பேரின் உணவுப் பழக்கத்தையும் ரத்தப் பிரிவையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கை ஏறக்குறைய முடித்துவைத்தது. ஏ பிரிவுக்கென்று சொல்லப்பட்ட, காய்கறி மிகுந்த உணவை ஒட்டி உண்டவர்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன; அவர்களுடைய ரத்தம் ஏ-யா, பி-யா, ஓ-வா என்பதால் அதில் எந்த மாற்றமும் இல்லை. அட்டவணையால் உடம்பு தேறியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பரோட்டாவை நிறுத்தினால் எந்த ரத்தமும் தேறும். ரத்தப் பிரிவுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஓ பிரிவினருக்கு வயிற்றுப்புண்ணும், மற்றவர்களுக்கு ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாவதும் சற்று மிகுதி. ஆனால் அதிலிருந்து சமையல் குறிப்பு எதுவும் பிறப்பதில்லை.

பரம்பரைக்கும் உணவுக்கும் உள்ள மெய்யான தொடர்பு வேறு இடங்களில் இருக்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பின்னும் சுரக்குமா என்பதைத் தீர்மானிக்கும் பகுதி 2-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. வளர்ந்த பின்னும் அது சுரக்கச் செய்யும் மாற்றம் வடமேற்கு இந்தியாவில் மிகுதி. தெற்கே வரவரக் குறைகிறது. பி பிரிவு என்பதற்காகத் தினமும் பால் குடித்து வயிறு உப்புசம் கொள்பவர், 9-ஆம் குரோமோசோமைக் கேட்டுக்கொண்டு 2-ஆவதை மறந்தவர். தயிரிலும் மோரிலும் நுண்ணுயிரிகள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுவதால் அவை பலருக்கு ஒத்துக்கொள்கின்றன. ஜிகர்தண்டா குடித்தால் சங்கடப்படுகிறவர்கள் கூடப் பருத்திப்பாலை அச்சமின்றிக் குடிக்கலாம். பெயரில்தான் பால், உள்ளே இருப்பது பருத்திக்கொட்டை.

எனக்கு இந்த அட்டவணை மீது கோபம் வந்தது, உறவில் ரத்தசோகையுள்ள ஒரு பெண் பேறுகாலத்தில் ‘நான் ஏ பிரிவு’ என்று ஈரலையும், சுவரொட்டி எனப்படும் ஆட்டு மண்ணீரலையும் ஒதுக்கியபோதுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. கசாப்புக் கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி வாங்கிவந்து கொடுத்த நம் ஆத்தாமார்கள் யாரும் அதற்கு முன் ரத்தப் பிரிவு கேட்டதில்லை.

சர்க்கரை நோயைப் பற்றி அஞ்சுபவர்களுக்கு ரத்தப் பிரிவைவிடப் பயனுள்ள கணக்கொன்று சென்னையிலேயே உருவாக்கப்பட்டிருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் வகுத்த அந்த மதிப்பெண் முறை கேட்பவை நான்கே: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்பது. ரத்தப் பிரிவுக்கு அதில் இடமில்லை. மொத்தம் 100, 60-ஐ எட்டினால் ஆபத்து அதிகம். பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை இருந்தாலும் பரம்பரைக்கு 20 தான். வயதுக்கு அதிகபட்சம் 30. மீதமுள்ள 50 இடுப்பிலும் உழைப்பிலும் இருக்கிறது. அட்டவணையை அனுப்பிய மாமாவுக்கே அதைப் போட்டுப் பார்த்தோம். ஐம்பதைத் தாண்டியவர் என்பதால் 30, தாயாருக்குச் சர்க்கரை இருந்ததால் 10, இடுப்பு 96 சென்டிமீட்டர் என்பதால் 10, நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பதால் 30. “எண்பதா? பள்ளிக்கூடத்தில் கூட நான் இவ்வளவு வாங்கியதில்லையே மாப்பிள்ளை” என்றார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போனார். இம்முறை பிரிவு பார்ப்பதற்காக அன்று.