பி.ஜே.சி.பி. சுவைத் தேர்வு: வீட்டு மேஜையில் தயாரான அனுபவம்

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கென்று நடக்கும் போட்டிகளில் நடுவராக உட்கார விரும்பினால், பி.ஜே.சி.பி. தேர்வு எழுதியிருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். பீர் ஜட்ஜ் சர்ட்டிஃபிகேஷன் புரோகிராம் என்பது அதன் முழுப்பெயர். 1985-இல் தொடங்கிய அமைப்பு. நான் போர்ட்லாந்தில் இருக்கிறேன். கிராஃப்ட் பீர், அதாவது சிறிய ஆலைகள் காய்ச்சும் பீர், வாங்கி வந்து, வீட்டில் ருசித்துப் பார்த்து, நோட்டில் நாலு வரி எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு முன்பே உண்டு. அந்தப் பழக்கத்தைத் தேர்வுக்கேற்றபடி திருப்பிக்கொண்டதில் எது உதவியது என்பதை, இதே எண்ணத்தில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

தேர்வு இரண்டு கட்டம். முதலாவது இணையவழி நுழைவுத் தேர்வு. 60 நிமிடத்தில் 180 கேள்விகள், அதாவது ஒரு கேள்விக்கு 20 விநாடி. பக்கத்தில் குறிப்புகளை விரித்து வைத்திருந்தாலும் தேடிப் பார்க்க நேரம் இருக்காது. 2021-இல் வந்த பீர் வகை வழிகாட்டியை ஒழுங்காகப் படித்து, காய்ச்சும் முறையின் அடிப்படையும் தெரிந்திருந்தால் தேறிவிடலாம். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான வேலை இரண்டாவது கட்டமான சுவைத் தேர்வில்தான். 90 நிமிடத்தில் 6 பீர். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார்கள், எந்த வகை என்பதை மட்டும் சொல்வார்கள். புத்தகமும் போனும் கூடாது. வருவது கடையில் வாங்கிய நல்ல பீராக இருக்கலாம், யாரோ வீட்டில் காய்ச்சியதாக இருக்கலாம், வேண்டுமென்றே குறை சேர்த்ததாகவும் இருக்கலாம். அதே பீரை அனுபவமுள்ள நடுவர்கள் தனியாக ருசித்து, பேசி, ஒரு மதிப்பெண்ணுக்கு வந்திருப்பார்கள். உங்கள் தாளை அவர்கள் தாளோடு ஒப்பிட்டுத்தான் திருத்துவார்கள்.

பீருக்கு நீங்கள் போடும் மதிப்பெண் 50-க்கு: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் தன்மை 5, ஒட்டுமொத்த அபிப்பிராயம் 10. உங்களுக்கு அவர்கள் போடும் மதிப்பெண் வேறு கணக்கு. மதிப்பெண்ணின் துல்லியம், கண்டுபிடித்த விஷயங்கள், விவரிக்கும் திறன், காய்ச்சியவருக்குச் சொல்லும் ஆலோசனை, தாளின் முழுமை என்று ஐந்து பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம். இதை நிதானமாகப் பாருங்கள். முதல் இரண்டில்தான் மூக்குக்கும் நாக்குக்கும் நேரடி வேலை. மீதி மூன்றும், அதாவது 60 சதவீதம், எழுத்து. எனக்குத் தெரிந்து, பிரமாதமாக ருசி பார்க்கத் தெரிந்தும் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் எல்லாருமே பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டவர்கள்தான். அதனால் வீட்டில் பயிற்சி எடுக்கும்போது ஒரு பீரைக்கூட எழுதாமல் குடிக்காதீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வைன்ஸ்டெஃபனர் ஹெஃபவைஸ்பியர் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மன் கோதுமை பீருக்கு வழிகாட்டியே அடையாளம் காட்டும் பீர்களில் அது ஒன்று. ஊற்றியதும் மூக்கில் வருவது வாழைப்பழமும் கிராம்பும். இரண்டுமே பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் கொடுப்பது, வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லை. சாதாரணமாக நாம் நோட்டில் எழுதுவது, "நல்ல வாழைப்பழ வாசனை, அருமை." தேர்வுத் தாளில் மணம் என்ற பகுதி இப்படி இருக்க வேண்டும்: "வாழைப்பழ மணம் மிதமாக, கிராம்பு அதற்குச் சற்றுக் குறைவாக. கோதுமை மால்ட் லேசாக, பிசைந்து வைத்த ரொட்டி மாவு மாதிரி. ஹாப்ஸ் மணம் மிகக் குறைவு, லேசான பூ வாசம். வெண்ணெய் வாடை இல்லை, வேகவைத்த சோள வாடை இல்லை. குளிர் தணிந்ததும் கிராம்பு தூக்கலாகிறது." (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம், ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ.) எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எது இல்லை என்று மூன்றும் வந்துவிட்டன. இல்லை என்று எழுதுவதற்கும் மதிப்பு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேடிப் பார்த்தும் காணவில்லை என்பதற்கு அந்த வரிதான் சாட்சி.

கிராம்பு, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், வெல்லப்பாகு, வறுத்த காபிக்கொட்டை: நம் சமையலறையில் வளர்ந்த மூக்குக்கு இவையெல்லாம் பழகிய வாசனைகள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பெயர் சொல்லிப் பாருங்கள். முகர்ந்தவுடன் பெயர் நாக்கு நுனிக்கு வர வேண்டும், அதுதான் பயிற்சி. பெல்ஜியத்துக் கோதுமை பீரான விட்பியரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுகிறார்கள். அதை நம் ஆட்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

குறைகளைப் படிப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். குறை வாடைகளைப் பயிற்சிக்கென்று அடைத்து விற்கும் குப்பிகள் விலை அதிகம். நான் பெரும்பாலும் வீட்டிலேயே செய்துகொண்டேன். மிதமான சுவையுள்ள லாகர் (குளிர்ச்சியில் நொதிக்க வைக்கும் பீர்) நாலு டம்ளரில் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்ததில் வெண்ணெய் எசன்ஸ், மிகக் கொஞ்சம், குச்சி நுனியில் தொட்டுக் கலக்கினால் போதும். இன்னொன்றில் டின்னில் வரும் சோளத்தின் தண்ணீர் ஒரு ஸ்பூன். கடைசியில் ரொம்ப நேரம் ஊறிய கட்டங்காப்பி நிற டீ டிகாக்‌ஷன், அது துவர்ப்புக்கு. வெயில்பட்ட வாடைக்கு எசன்ஸ் எதுவும் தேவையில்லை. பச்சைப் பாட்டிலில் வரும் லாகரை அரைமணி நேரம் வெயிலில் வைத்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் சிதைந்து, ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் வந்துவிடும். பழுப்புப் பாட்டில் இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும், கேனுக்குள் ஒளி போகவே போகாது.

டம்ளர்களின் அடியில் எண் ஒட்டி, வீட்டில் இன்னொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது என் கணவர் வேலை. மூன்று டம்ளரில் இரண்டு ஒன்று, ஒன்று வேறு என்று வைத்து, வேறுபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனையும் நல்லது. எது எந்த டம்ளரில் என்று தெரிந்துகொண்டு முகர்வதில் பயனில்லை. தெரிந்துவிட்டால் மூக்கு ஒத்துப் பாடிவிடும்.

இதைச் செய்யும்போது உங்கள் மூக்கின் எல்லையும் தெரியவரும். வெண்ணெய் வாடை தரும் டைஅசெட்டிலை எல்லாராலும் ஒரே அளவில் உணர முடியாது. எனக்கு அது குறைந்த அளவில் மணமாகத் தெரியாது, நாக்கில் ஒரு வழுவழுப்பாகத்தான் தெரியும். அதனால் வழுவழுப்பு வந்தால் திரும்பவும் முகர்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். தேர்வுக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், குறை என்பது வகையைப் பொறுத்தது. ஹெஃபவைஸ்பியரில் இருந்தே ஆக வேண்டிய வாழைப்பழ மணம் ஜெர்மன் பில்ஸ்னர் என்ற லாகரில் வந்தால் தவறு. பெரும்பாலான லாகர்களில் வெண்ணெய் வாடை கூடாது, ஆனால் பில்ஸ்னர் உர்குவெல் என்ற பீர் சேரும் செக் லாகர் வகையில் லேசாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். எனவே வழிகாட்டியைத் தனியாகவும் பீரைத் தனியாகவும் படிக்காதீர்கள். முதலில் எழுதுங்கள், பிறகு அந்த வகையின் பக்கத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள்.

ஆலோசனை எழுதுவதற்குக் காரணமும் தீர்வும் ஜோடியாகத் தெரிய வேண்டும். வெண்ணெய் வாடை என்றால், நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றி, ஈஸ்டோடு இன்னும் சில நாள் விடச் சொல்லலாம். ஈஸ்ட் அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சோள வாடை என்றால் மூடியில்லாமல் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடச் சொல்ல வேண்டும். அட்டை, காகித வாடை என்றால் பாட்டிலில் அடைக்கும்போது காற்று கலந்திருக்கலாம். பச்சை ஆப்பிள் வாடை என்றால் நொதித்தல் முழுசாக முடியுமுன் அவசரப்பட்டு இறக்கியிருக்கலாம். "ஒருவேளை இப்படி நடந்திருந்தால்" என்ற தொனியில், மரியாதையாக எழுதுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் வாரக்கணக்கில் உழைத்திருக்கிறார்.

நேரம் விஷயத்தில் என் கணக்கு இது. ஊற்றியதும் உடனே முகர வேண்டும், சில மணங்கள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும். தோற்றத்துக்கு 3 மதிப்பெண்தான், ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். சுவைக்கு அதிக நேரம், கடைசி மூன்று நான்கு நிமிடம் ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு. வீட்டில் டைமர் வைத்து, 15 நிமிடத்தில் கையால் எழுதிப் பழகுங்கள். கணினியில் தட்டிப் பழகியவர்களுக்குத் தேர்வறையில் நாலாவது தாளிலேயே விரல் வலிக்கத் தொடங்கிவிடும்.

மதிப்பெண் போடுவதைத் தனியாகப் பழக முடியாது. வழிகாட்டுதல்படி 45 முதல் 50 வரை உலகத்தரம், 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு, 30 முதல் 37 வரை மிக நன்று, 21 முதல் 29 வரை குறையிருந்தாலும் நன்று. நண்பரோடு ஒரே பீரைப் பேசாமல் ருசித்து, மதிப்பெண் போட்டு, பிறகு தாளைத் திருப்பிக் காட்டுங்கள். வித்தியாசம் ஏழுக்கு மேல் போனால் எங்கே பிரிந்தீர்கள் என்று மறுபடியும் ருசித்துப் பேசுங்கள்.

அளவு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு பீருக்கு 60 முதல் 90 மில்லி போதும். 355 மில்லி கேன் நாலு பேருக்கு வரும். ஒரு நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், மூக்கு களைத்துவிடும், எழுத்தும் கெட்டுவிடும். லேசானதில் தொடங்கிக் காட்டமானதில் முடியுங்கள். நடுவில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும். மூக்கு அடைத்தது போலிருந்தால் உங்கள் சட்டைக் கையையே ஒருமுறை முகர்ந்துவிட்டு வாருங்கள். தாளித்த வாசனை வீட்டில் சுற்றும்போது உட்காராதீர்கள். தேர்வன்று தலைக்குத் தேங்காய் எண்ணெய், சென்ட் எல்லாம் வேண்டாம். லிப் பாம் போட்டால் நுரை அமுங்கிவிடும். டம்ளரில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் குமிழிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். தேர்வு முடிந்து வண்டி ஓட்ட வேண்டாம், யாரையாவது கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

நுழைவுத் தேர்வில் தேறியதும் ஓராண்டுக்குள் சுவைத் தேர்வை எழுதிவிட வேண்டும். இடங்களோ குறைவு, பல ஊர்களில் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். அதனால் சுவைத் தேர்வுக்கு இடம் உறுதியானபின் நுழைவுத் தேர்வை எழுதுவது நல்லது. முடிவு வரவும் சில மாதங்கள் ஆகும், திருத்துபவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். 70 சதவீதம் எடுத்தாலும் சர்ட்டிஃபைட் என்ற நடுவர் தரநிலைக்குப் போட்டிகளில் பணியாற்றிய 5 புள்ளிகளும் வேண்டும். எனவே காத்திருக்கும் காலத்தில் பக்கத்தில் நடக்கும் போட்டிக்கு ஸ்டூவர்டாகப் போங்கள். அதற்குத் தகுதி எதுவும் கேட்பதில்லை. பாட்டிலைத் திறந்து கொடுத்து, தாள்களைச் சேகரிக்கும் வேலைதான். நடுவர்கள் பேசி முடித்தபின் அதே பீரில் ஒரு வாய் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், உங்கள் மனதில் போட்ட மதிப்பெண்ணை அவர்களுடையதோடு அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.