மே மாசத்துல ஃப்ரிட்ஜ் காலியாகும்போது

ராயபுரம் பக்கம் ஒரு ப்ளட் பேங்க்ல 14 வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். டியூட்டிக்கு வந்ததும் மொதல் வேலை ஃப்ரிட்ஜைத் தொறந்து எந்த குரூப் எத்தனை யூனிட் இருக்குன்னு எண்ணி போர்டுல எழுதுறதுதான். ஜனவரில எண்ணும்போது இருக்குற தைரியம் மே மாசத்துல இருக்காது. காலேஜ் லீவு, கேம்ப் கிடையாது, வெயிலுக்கு பயந்து ஜனங்களும் வர்றதில்ல, ஆனா பிரசவத்துக்கும் ஆக்சிடெண்டுக்கும் ஏது லீவு.

அப்படி ஒரு மே மாசம் ராத்திரி, பிரசவத்துல ரத்தப்போக்கு நிக்காத ஒரு பொண்ணுக்கு ஓ நெகட்டிவ் கேட்டு ஓடி வந்தாங்க. எங்ககிட்ட இருந்தது ஒரே யூனிட். வீட்டுக்காரர், மச்சான், தெருப் பசங்கன்னு பத்து பன்னெண்டு பேர் வாசல்ல நின்னுகிட்டு "என்னுத எடுத்துக்கோ சார், எவ்ளோ வேணா எடுத்துக்கோ"ன்னு அழுவுறாங்க. பாத்தா ஒருத்தர் குரூப்பும் சேரல. சேந்திருந்தாலும் கையில எடுத்து நேரா ஏத்திட முடியாது, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியான்னு எல்லா டெஸ்டும் முடியணும், அதுக்கு மணிக்கணக்கா ஆவும். அன்னிக்கு அந்தப் பொண்ணு பொழச்சது எங்க ஃப்ரிட்ஜ்ல இருந்த ஒண்ணாலயும், வேற பேங்க்ல இருந்து ஐஸ் பெட்டில வெச்சு ஆட்டோல வந்த ரெண்டாலயும்தான். எப்பவோ ஒரு நாள் யாரும் கூப்பிடாமலே வந்து குடுத்துட்டு, ஜூஸ் குடிச்சுட்டு கெளம்பிப் போன மூணு பேரு. அவங்களுக்கு இந்த ராத்திரியே தெரியாது.

அதனாலதான் தலைவர் பொறந்தநாளுக்கு ஒரே நாள்ல நூறு பேர் வரிசைல நிக்கும்போது சந்தோஷத்தோட ஒரு கவலையும் வரும். செவப்பணுவை 35 நாள், பேக்ல ஊத்துற மருந்தைப் பொறுத்து 42 நாள் வெச்சுக்கலாம். பிளேட்லெட்டுக்கு வெறும் 5 நாள்தான். அந்த நூறு பேரும் மறுபடி குடுக்க ஆம்பளைன்னா 90 நாள், பொம்பளைன்னா 120 நாள் ஆவணும், நடுவுல நாங்க என்ன பண்றது? தேதி முடிஞ்ச பேக்கை டிஸ்கார்டுக்கு எடுத்து வெச்சுட்டு அடுத்த வாரமே அதே குரூப் இல்லன்னு ஒருத்தரைத் திருப்பி அனுப்பியிருக்கேன், அன்னிக்கு வீட்டுக்குப் போயும் சோறு எறங்கல. அதே நூறு பேரு வாரத்துக்கு எட்டு பேரா வந்தா போதும்னுதான் நான் பாக்குற எல்லார்கிட்டயும் கேட்டுகிட்டே இருக்கேன்.

காசிமேட்டுல லாஞ்ச்ல போற ஒரு அண்ணன் இருக்காரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், போட்டெல்லாம் கரைல கெடக்கும். "சும்மாதான கீறேன் தம்பி"ன்னு அந்த நேரமா பாத்து வருவாரு. எங்க ஃப்ரிட்ஜ் காலியாகுறதும் அவங்க கரைல இருக்குறதும் ஒரே சமயம்னு அவரு வந்தப்புறம்தான் எனக்கே உறைச்சது. மொத தடவை "ரத்தம் குடுத்தா வலை இழுக்க தெம்பு இருக்குமா"ன்னு கேட்டாரு. 350 மில்லிதான் எடுக்குறோம், கொறஞ்ச நீர் ரெண்டு நாளுக்குள்ள ஊறிடும், செவப்பணு ஊற சில வாரம் ஆவும், அன்னிக்கு மட்டும் வெயிட்டு தூக்காதீங்கன்னு சொன்னேன். அப்புறம் அவரு பயந்து நான் பாக்கல.

வியாசர்பாடில இருந்து வர்ற பூக்கார அக்கா கதை வேற. ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும், அவங்களுக்கு பத்துதான் இருந்துச்சு. மொகம் வாடிப்போச்சு, எனக்கு கஷ்டமா இருந்துச்சு. டாக்டரைப் பாத்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கி சாப்பிட்டு மூணாவது தடவை வந்து குடுத்தாங்க. அவங்களுக்கே ரத்தசோகை இருந்தது இங்க வந்துதான் தெரிஞ்சுது.

நேத்து காசிமேடு அண்ணன் ஃபோன் பண்ணாரு. இந்தத் தடைக்காலத்துக்கு ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு வர்றாராம். சின்னவனுக்கு 18 ஆவ இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. அவனை மட்டும் ஜூன்ல வரச் சொல்லியிருக்கேன்.